ஹெட்போன் ஒயரை வெட்டிய வாரம்

ஜூன் 10, செவ்வாய்
காலை எட்டுக்கே அனல். வீட்டோடு இரண்டு விசைத்தறி. ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஹெட்போன் இல்லாமல் பாட்டே இல்லை. ஆனால் அதன் ஒயர் மூன்று மீட்டர். இன்று நூல் பெட்டியோடு வந்த அப்பா, கால் மாட்டி விழப் பார்த்தார்.
"ஏத்தா, இது ஒயரா, மாடு கட்டுற கயிறா? இன்னொரு தடவ காலுல பட்டுச்சு, அறுத்துப் போட்டுருவேன்."
நானே அறுத்து, குட்டையாக்கி ஒட்டிவிடுகிறேன். ஏழு வீடியோ பார்த்தாச்சு. வெள்ளி மாலை ஆறுக்கு நம்ம ஆள் பாடின புதுப் பாட்டு ரிலீஸ். ரசிகர் குரூப்பில் வரிகளை முதலில் எழுதிப் போடுவது எப்பவும் நான். அதற்குள் முடியணும்.

ஜூன் 11, புதன்
டவுனில் வாங்கியது: சால்டரிங் ராடு, ஈயக்கம்பி, பேஸ்ட், ஒட்டின இடத்தை மூடுகிற ஸ்லீவ் குழாய்.
வெட்டியாச்சு! உள்ளே மூன்று கம்பி. சிவப்பு, பச்சை, செம்பு நிறம். தலைமுடி மாதிரி.
ஈயம் ஒட்டவே இல்லை. உருண்டு உருண்டு விழுகிறது. விரலைச் சுட்டது இரண்டு தடவை. பிறகு எட்டாவது வீடியோ: கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்குமாம், அதை எரித்த பிறகுதான் ஈயம் பிடிக்குமாம். முதல் ஏழு பேரும் இதை ஏன்டா சொல்லலை?
எரித்தேன். சிவப்பு ஒட்டியது. ஸ்லீவை முன்னாடியே கோர்க்க மறந்தாச்சு. பிரித்து மறுபடி. சே.

ஜூன் 12, வியாழன்
பச்சையும் சரி. செம்பு மட்டும் அடம். என் கூத்தைப் பார்த்துவிட்டு அப்பா தறியை நிறுத்தி வந்தார்.
"இழை அறுந்தா முடிச்சுப் போடணும். இதுக்குப் போயி தீய வச்சுக்கிட்டு. கொண்டா இங்க."
இரண்டு விரல், ஒரு சுழற்று. நெசவு முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், அசையலை. அவ்வளவு அழகு. அப்படியே டேப் சுற்றிவிட்டேன். ஒரு பிஜிஎம் போட்டால் இரண்டு காதிலும் சத்தம். முடிந்தது!

ஜூன் 13, வெள்ளி
6.00 பாட்டு வந்தாச்சு. வயலின் இருக்கு, கோரஸ் இருக்கு. அவன் குரலை மட்டும் காணோம். கிணற்றுக்குள் முனகுவது மாதிரி. ஒரு வரிகூடப் பிடிபடலை.
6.20 குரூப்பில் போட்டேன்: "மிக்சிங் பண்ணவன் தூங்கிட்டானா? குரலையே அழிச்சு வச்சிருக்கான்."
6.25 ஆளாளுக்குப் பாய்கிறார்கள். "காது இருக்கா?" ரெட்டியபட்டியிலிருந்து தோழி ஜெனி மெசேஜ்: "ஏண்டி, மொத வரியில இருந்து அவன் குரல்தான்டி. லூசா நீ? அழிச்சுத் தொல." வரிகளை அவளே போட்டுவிட்டாள்.
6.40 கரண்ட் போச்சு. தறி நின்றது. போன் ஸ்பீக்கரில் போட்டேன். குரல்! அத்தனை தெளிவு. அப்பா துண்டால் விசிறிக்கொண்டே, "யாருத்தா இது? நல்லாத்தான பாடுறான்."
ஆமாம்ப்பா. ஊருக்கே கேட்டது. எனக்கு மட்டும் கேட்கலை.

ஜூன் 14, சனி
தேடிப் படித்தேன். செம்புதான் இரண்டு காதுக்கும் பொதுக்கம்பி. அது விட்டுப்போனால், இரண்டு காதுக்கும் சமமாக வருகிற குரல் மட்டும் காணாமல் போகுமாம். முடிச்சு இறுக்கம்தான். பூச்சை எரிக்கலையே, சத்தம் எப்படித் தாண்டும்?
குரூப்பில் மன்னிப்பு. பதிலுக்கு ஒரே சிரிப்பு ஸ்டிக்கர்.
முடிச்சில் ஊசி விட்டுக் குத்தினேன். பல்லால் கடித்தேன். ம்ஹூம். வெட்டினேன். நீளம் சமமாக வரணும் என்று சிவப்பு, பச்சையும் வெட்டி, முதலிலிருந்து. ஸ்லீவ் முதலில்! எரிப்பு. ஈயம். குரல் வந்தது.
தரையில் கிடந்த துண்டை அப்பா பார்த்துவிட்டார்.
"நான் போட்டத எதுக்குத்தா அறுத்த?"
"அவுக்கவே முடியலப்பா. அதான் கத்திரிக்கோல்."
எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "நம்ம முடிச்சு அவுழாதுல்ல?" என்றவர், சிரித்துக்கொண்டே போய்த் தறியைப் போட்டுவிட்டார்.