கால் நீட்ட ஓர் இடம்

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் பனி. மொட்டை மாடித் துணி இரண்டு நாளாகக் காயவில்லை. நாளைக்குக் கிளம்ப வேண்டும், பாதி மூட்டைகூடக் கட்டவில்லை.

எடுத்து வைத்தது: டயப்பர் இரண்டு பாக்கெட். கொசுவலை. தெர்மாமீட்டர். வசம்பு (அண்ணி). மை டப்பா (அண்ணி). பை ஜிப்பில் சொருகிய வேப்பிலைக் கொத்து (அண்ணி). எனக்கு இரண்டு நைட்டி, ஒரு சுடிதார். ந. என்ன எடுத்தான் என்று தெரியாது. ந. என்றால் நவீன். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கட்டிய கணவனாக இருந்தாலும் ஓர் எழுத்துதான்.

தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனிடம், மூன்று நாள் துணி வராது, கேரவன் பார்க்குக்குப் போகிறோம் என்றேன்.

"கேரவனா? இன்னாக்கா சொல்ற, பாப்பா படத்துல நடிக்கப் போவுதா?"

இனியாவுக்கு ஐந்து மாதம். அவள் நடிப்பதெல்லாம் தூங்குகிற மாதிரிதான்.

அண்ணி வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தார். ந.வின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. வரும்போதே ஆரம்பம்.

"படப்பை தாண்டி ஏரிக்கரை. அதுவும் நகராத வண்டி. இதுக்குப் பேரு டூரா? குலதெய்வம் கோயிலுக்கே இன்னும் தூக்கிட்டுப் போகல."

"அது மொட்டை போடப் போறப்போ அண்ணி. இது சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாதான்."

பிறகு ஆர்டர்: பனிக்காலம், மூன்று நாளும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். "நீயா எதுவும் பண்ணாத. உனக்குக் கை நடுங்கும்."

சரி என்றேன். பொய்.

சும்மா என்றதும் பொய். இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. இந்த டூரே என் குழந்தையை நானே குளிப்பாட்டுவதற்குத்தான். ந.வுக்குக்கூடத் தெரியாது.

பிறந்து பன்னிரண்டாம் நாள். கால் நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் மேல் போட்டு, அண்ணி தண்ணீர் ஊற்ற, நான்தான் குளிப்பாட்டினேன். சோப்போடு வழுக்கிவிட்டாள். தரையில் விழுவதற்குள் அண்ணியின் இடது கை வந்து பிடித்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றோடு சரி. "உனக்குக் கை நடுங்குது, தள்ளு." மறுநாளிலிருந்து, வீடு வீடாகப் போய்க் குழந்தை குளிப்பாட்டுகிற ராணியம்மா. மூன்று மாதத்தோடு நின்றிருக்க வேண்டியது, ஐந்தாகியும் வருகிறார். நான் துண்டோடு வாசலில் நிற்பேன். என் குழந்தைக்கு நான் டவல் ஸ்டாண்டு.

அம்மா இல்லாத எனக்குப் பிரசவம் பார்த்தது அண்ணிதான். பத்தியச் சாப்பாடு, ராத்திரி முழிப்பு, எல்லாம். மறுக்கவில்லை. அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

போன வாரம்தான் உறைத்தது. ராணியம்மா உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிச் செருகுவது. வெறும் காலில்தான் குழந்தையைப் போடுகிறார். அன்று நானும் நைட்டியை ஏற்றித்தான் உட்கார்ந்தேன். ஹால் நிறைய குழந்தை பார்க்க வந்த ஆட்கள். வெந்நீருக்காகக் கதவு பாதி திறந்திருந்தது. "காலை மூடு, வெளியில ஆம்பளைங்க இருக்காங்க" என்றது யார்? அண்ணி. இழுத்துவிட்டேன். பாலியஸ்டர் நைட்டி, அதன் மேல் எண்ணெய், சோப்பு, பன்னிரண்டு நாள் குழந்தை. வழுக்காமல் என்ன செய்யும்?

என் கை நடுங்கவில்லை. வழுக்கிய பிறகு நடுங்கியது. அது வேறு.

பைக்கு அடியில், அண்ணிக்குத் தெரியாமல்: பயத்தம் மாவு. தேங்காய் எண்ணெய். சாம்பிராணி, தூபக்கால்.


பிப்ரவரி 6, வெள்ளி

வெயில் இதம். முடிச்சூர் ரோட்டில் வழக்கமான நெரிசல். இனியா வழி முழுக்கக் கார் பெல்ட்டைச் சப்பிக்கொண்டு வந்தாள். முக்கால் மணி நேரத்தில் டூர் வந்து சேர்ந்துவிட்டது. அண்ணி சொன்னதில் அது உண்மைதான்.

ஆறு வண்டிகள் வரிசையாக. எங்களுடையது நான்கு. சக்கரத்துக்கு அடியில் செங்கல். இடத்துக்காரர் மனைவி செல்வியக்கா சாவியோடு வந்தார், தலையில் ஈரத்துண்டு.

"இது ஓடவே ஓடாதாக்கா?"

"எஞ்சினே கெடையாதும்மா. எங்க மாமனார் காலத்துல நெல்லு வெளஞ்சுது, இப்ப வண்டி வெளஞ்சு நிக்குது."

உள்ளே: கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், மடக்கு மேஜை. ந. ஒவ்வொரு கதவையும் இரண்டு தடவை திறந்து மூடினான். ஜன்னலில் ஏரி தெரிகிறது. கொக்கு ஏழு.

நான் நேராக பாத்ரூமைப் போய்ப் பார்த்தேன். பீரோ அளவுக்குத்தான் இருக்கிறது. நின்றால் தோள் இரண்டு பக்கமும் இடிக்கிறது. உட்கார்ந்து பார்த்தேன், முட்டி முகத்தில். கதவைத் திறந்து காலை வெளியே நீட்டினேன். கால் சமையல் மேடைக்கடியில், முதுகு கம்மோடில். அந்தக் கோலத்தில் ந. பார்த்துவிட்டான்.

"என்ன பண்ற?"

"இடம் எவ்ளோன்னு பாக்கறேன்."

"வீடு வாங்கவா போறோம்?"

சிரிக்க முடியவில்லை. ஒரு வாரமாகப் போட்ட திட்டம். ஹாட் வாட்டர் இருக்கிறதா, கீசர் இருக்கிறதா என்று போனில் நான்கு தடவை கேட்டேன். கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, மக்கு.

ஈரத்துணியால் துடைத்தேன். அக்குளில் பால் நாற்றம் போகவில்லை.

ஆறு மணிக்கு அண்ணி வீடியோ கால். "தொடைச்சியா?"

"ம்."

"நல்லது. நீயா எதுவும் பண்ணாத."

நல்லதாம். போனை வைத்துவிட்டு அழுதேன், கோபத்தில். ந. கொசுக்கடி என்று நினைத்து ஆயின்மென்ட் தேடினான்.


பிப்ரவரி 7, சனி

ஏரி மேல் பனி, எட்டரைக்கு விலகியது. மூன்றாம் வண்டியில் ஒரு ரிட்டையர்ட் தம்பதி, ஊரப்பாக்கம். அங்கிள் வண்டிகளைச் சுற்றி வாக்கிங். ஆன்ட்டி தலைக்குக் குளித்து வெயிலில் முடி உலர்த்தியபடி, எல்லோர் வீட்டு விஷயத்தையும் கண்காணிப்பு.

ந.விடம் சொல்லிவிட்டேன். வெளியில், வண்டிக்கு முன்னால் குழாய் இருக்கிறது, சிமென்ட் தரை இருக்கிறது. அங்கே குளிப்பாட்டப் போகிறேன்.

"எதுக்கு ரிஸ்க்? நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவோம். அக்கா பாத்துப்பா."

"அக்கா பாத்துப்பா, அக்கா பாத்துப்பா. நான் எப்போ பாத்துக்கறது?"

"அன்னைக்கு நடந்தத..."

"அன்னைக்கு வழுக்கினது நைட்டி. என் கை இல்ல."

எல்லாவற்றையும் கொட்டினேன். நைட்டி, ஹால், பாதிக் கதவு, காலை மூடு. குரல் உயர்ந்துவிட்டது. அங்கிள் வாக்கிங்கை நிறுத்தி ஏரியைப் பார்க்கிற மாதிரி நின்றார். ந. தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை, இன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்தான்.

"தண்ணி எவ்ளோ சூடு வேணும்?"

போதும். அது போதும் எனக்கு.

செல்வியக்கா அண்டாவில் வெந்நீர் கொடுத்தார். முழங்கையை விட்டுப் பார்த்தேன், சரியான பதம். வெயில் முதுகில் படுகிற மாதிரி உட்கார்ந்து கால் நீட்டினேன். நைட்டியை முட்டிக்கு மேல் மடித்துச் செருகினேன். பிரசவத்துக்குப் பிறகு வாக்ஸிங் என்ற வார்த்தையே மறந்துபோன கால். எதிரே அங்கிள், ஆன்ட்டி, ஐந்தாம் வண்டியில் காபி கிளாஸோடு இரண்டு பையன்கள். பார்த்தால் பார்க்கட்டும். இது குழந்தை குளிப்பாட்டுகிற கால்.

செல்வியக்கா கேட்காமலே ஒரு பெட்ஷீட்டை எடுத்துவந்து மறைக்கப் பார்த்தார்.

"மறைக்க வேணாங்கா. காத்து வர்ற பக்கம் மட்டும் புடிங்க."

"அதுஞ்சரி. ஒங் கொழந்த, ஒங் காலு. எவன் இன்னா சொல்றது?"

ஆன்ட்டி அங்கிருந்தே: "ஏம்மா, பனி! பிஞ்சுக்குச் சளி புடிச்சிக்கும்!"

"வெயில் வந்தாச்சு ஆன்ட்டி!"

இனியாவைப் போட்டேன். எண்ணெய் உடம்பு, வெறும் காலில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ந. முதல் மக்கைக் கார் கழுவுகிற மாதிரி ஊற்றினான், திட்டினேன், இரண்டாவது ஒழுங்கு. பயத்தம் மாவு. கை இடுக்கு, தொடை மடிப்பு, கழுத்துக்கடியில். நேற்றைய பால் நாற்றம் போனது. திருப்பிக் குப்புறப் போடும்போது ஒரு கணம் சறுக்கினாள். என் கால் இரண்டும் தானாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டன. நான் எதுவும் யோசிக்கவில்லை. பயந்தேன், ஆனால் கை அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. நடுங்கவில்லை. எழுதி வைக்கிறேன்: நடுங்கவில்லை.

கத்தினாள்தான். ராணியம்மாவிடமும் கத்துவாள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சாம்பிராணி போடாமல் குளியல் முடியுமா? வெளியில் காற்று, அதனால் வண்டிக்குள். தூபக்காலில் நெருப்பு, ஒரு பிடி சாம்பிராணி, தலைமுடியில் புகை காட்டினேன். மணம் வந்ததோ இல்லையோ, மேற்கூரையில் வெள்ளையாக ஒட்டியிருந்த வட்டம் ஒன்று வீல் என்று கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. ந. தலையணையால் அதை அடித்தான், நின்றபாடில்லை. ஐந்தாம் வண்டிப் பையன்கள் ஓடிவந்தார்கள். அங்கிள் வாளித் தண்ணீரோடு வந்து, என்ன ஏது என்று கேட்காமல் வீசினார். நெருப்பு அணைந்தது. கட்டில் மெத்தை பூராவும் தொப்பல்.

அதே நேரத்தில் போன். ந. பதற்றத்தில் எதையோ அழுத்த, அண்ணி திரையில்.

"என்னடா சத்தம்? என்னடா புகை?"

போனை வாங்கிக்கொண்டேன். "சாம்பிராணி அண்ணி. குளிப்பாட்டினேன்."

"யாரு புடிச்சா?"

"நான்."

"உனக்குக் கை..."

"நடுங்கல அண்ணி."

அலாரம் நின்றுவிட்டது. அண்ணியும் போனைக் கட் பண்ணிவிட்டார்.

செல்வியக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "எவன் கண்டான், இந்த மெசினு சாம்பிராணிக்கெல்லாம் கத்தும்னு!" ஆன்ட்டி வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சளி இல்லை. மிச்சம் சாம்பிராணி இருக்கிறதா, முடிக்குக் காட்ட வேண்டும் என்றார். கொடுத்தேன்.

இனியா மூன்று மணி நேரம் தூங்கினாள். உண்மையான தூக்கம்.


பிப்ரவரி 8, ஞாயிறு

மேகமூட்டம். ஒன்பதரைக்கு வெயில். மறுபடி குளிப்பாட்டினேன். ஒருவர்கூட வேடிக்கை பார்க்க வரவில்லை, அங்கிள் கையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே போனார். சாம்பிராணி வேப்பமரத்தடியில்.

மெத்தை இன்னும் காயவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி ஊத்தனது அவுரு, நீ எதுக்கும்மா?" என்றார் செல்வியக்கா.

ந. திரும்பும் வழியில், ஓட்டிக்கொண்டே: "அக்காகிட்ட நான் சொல்லட்டா? நைட்டி விஷயம்."

"நீ சொல்ல வேணாம்."

காணாமல் போனது: வலது கால் சாக்ஸ் ஒன்று. மை டப்பா. திறக்காத வசம்பு வீடு வந்து சேர்ந்தது.

நாளைக்கு எட்டு மணி. அதே பாத்ரூம்.


பிப்ரவரி 9, திங்கள்

பனி இல்லை. பால் பாக்கெட் லேட்.

எட்டு மணிக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள். ராணியம்மா நேராக பாத்ரூமுக்கு. நான் அதற்கு முன்னாலேயே உள்ளே உட்கார்ந்து கால் நீட்டியிருந்தேன். நைட்டி முட்டிக்கு மேல், இடுப்பில் செருகி. இனியா மடியில், எண்ணெய் தேய்த்து.

ராணியம்மா என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அய்ய, நல்லதாப் போச்சு. பெருங்களத்தூர்ல இன்னொரு கொயந்த கீது, கால நேரத்துல போவேன்." ஆனால் போகவில்லை. வாசலில் நின்றுகொண்டார், என் துண்டோடு.

அண்ணி: "எழுந்திரு. இது விளையாட்டு இல்ல. இதே எடத்துலதான் அன்னைக்கு..."

"அன்னைக்கு வழுக்கினது நைட்டி அண்ணி. ஏத்தித்தான் உக்காந்தேன். வெளியில ஆம்பளைங்கன்னு நீங்க மூடச் சொன்னீங்க."

சொல்லிவிட்டேன். ஐந்து மாதம்.

அண்ணி வாளியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். ராணியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணியின் முகம் சிறுத்துப்போனது. பாவமாக இருந்தது, அதற்காக எழுந்துவிடவில்லை.

"நீங்க புடிக்கலன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணி. மறக்க மாட்டேன். இன்னைக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க."

இனியாவைக் கணுக்கால் மேல் போட்டேன். அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கையில் மக். இடது கை, கேட்காமலே, குழந்தைக்குப் பக்கத்தில் வந்து விரிந்து நின்றது. அன்று பிடித்த அதே கை.

"கையை எடுங்க அண்ணி."

கொஞ்ச நேரம் ஆயிற்று. எடுத்தார்.

தண்ணீர் ஊற்றினார்.