கழுவிய எஞ்சின்

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன். இன்றைக்கு வரமாட்டேன்.

செத்துப்போன என் தம்பி பறக்கவிட்ட குட்டி விமானத்தின் எஞ்சினை உங்களிடம் கொடுத்து என்ன கேட்டேன்? எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான். நீங்கள் அதைக் காருக்கு ஊற்றும் கூலன்ட்டில் போட்டு அடுப்பில் நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினீர்கள். "நம்பர்கூடத் தெரியுது பாரு. புதுசு மாதிரி இல்ல?"

அதன் பக்கவாட்டில், எரிபொருளோடு கலந்து ஊற்றும் விளக்கெண்ணெய் கருகி ஒட்டியதில், அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. எஞ்சின் ஆறுவதற்குள் பிடித்துவிட்டு, "சுட்டுடுச்சுக்கா!" என்று கையை உதறினான். அவன் போனபிறகு அந்த இடத்தில்தான் என் விரலை வைத்துப் பார்ப்பேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தப்புதான். கேட்காமல் கழுவியது யார் தப்பு?

சாயங்காலம் உங்கள் குட்டி விமானக் கிளப் நண்பர் வந்தால் எஞ்சினை அவருக்கே கொடுத்துவிடுங்கள். இனி அது யாரிடம் இருந்தால் என்ன?

இருமல் மருந்து ஜன்னலோரம் இருக்கிறது. குடியுங்கள்.

இன்னொன்று. அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைக் கழுவிவிடாதீர்கள். அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் என் தம்பி இருக்கிறான்.