அந்தக் கை என்னுடையது

மாப்ள,

இன்று காலை அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்காக அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். புது அட்டையைக் கத்தி இறங்கி வெட்டும்போது ஒரு வாசனை எழும், கொஞ்சம் மாவு மாதிரி, கொஞ்சம் மரத்தூள் மாதிரி. அது மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பதினெட்டு வருடமாக, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இதே மெஷினில் நம் சபைக்கு வாக்குத்தத்த அட்டை வெட்டியவன் நான். இந்த வருடம் அந்த வேலையை வேறு அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். போகட்டும். ஏன் கொடுத்தார்கள் என்று உன்னிடம் சொல்லத்தான் மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத்தான் அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாதே. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும், தங்க நிறத் தாள் ஒட்டிய இனிப்புப் பெட்டியை நான் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு வருவேன். ஆளுக்கு ஓர் அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவருக்கென்று கொடுத்த வாக்கு. வீட்டுக்குப் போய் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்கள். நீ மட்டும் எடுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

"ஏன் மாப்ள, பைபிள்ல பாதி அழுகை. யோபு அழுறாரு, எரேமியா அழுறாரு, தாவீது ராஜா படுக்கை நனையுற அளவுக்கு அழுறாரு. உன் பெட்டியில பாத்தா ஒருத்தரும் அழலையே. நல்லதாப் பொறுக்கி எடுத்து அச்சடிச்சுட்டியா?"

"கமிட்டி கொடுக்குற லிஸ்ட்டுப்பா. நான் வெட்டுறதோட சரி" என்பேன்.

பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, மேலூர்க் குவாரியில் கிரேன் ஓட்டி, ஆனையூரில் இரண்டு சென்ட் வாங்கி வீடு கட்டியவன் நீ. கிரேன் கேபினில் சீட்டுக்கு அடியில் ஒரு பைபிள் வைத்திருந்தாய். கல் ஏற்றும் லாரி வரத் தாமதமானால் எடுத்துப் படிப்பாய். மற்றவர்கள் பைபிளை வாசித்தார்கள், நீ அதோடு சண்டை போட்டாய். சண்டை போட்டுவிட்டு மறுநாளும் அதைத்தான் திறந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நீ சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "யோபோட சிநேகிதங்க இருக்காங்கள்ல, அவரு எல்லாத்தையும் இழந்து சாம்பல்ல உக்காந்திருக்கும்போது வந்து ஏழு நாள் வாயத் திறக்காம கூடவே உக்காந்திருந்தாங்க. அதுவரைக்கும் அவங்களப் போல சிநேகிதங்க உலகத்துல இல்ல. அதுக்கப்புறம் ஆண்டவருக்கு வக்கீலாக் கிளம்பினாங்க பாரு, அங்கதான் கெட்டுச்சு. கடைசியில ஆண்டவரே வந்து, உங்கள யாருப்பா கேட்டான்னு கோவிச்சுக்கிட்டாரு."

அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வக்கீல் வேலையை நானே பார்க்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

உனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்து வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு வந்த முதல் புத்தாண்டு அது. ஆள் பாதியாகி, தொளதொள சட்டையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் தங்கச்சி. உன் மனைவியை நான் வேறு எப்படிச் சொல்ல, பத்து வருடமாக எனக்குத் தங்கச்சிதான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை மாப்ள. முந்தின நாளே நான் முடிவு செய்துவிட்டேன். சாகாமல் பிழைத்திருப்பேன் என்று சொல்கிற அந்தச் சங்கீத வசனம் உள்ள அட்டையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். உன் வரிசை வந்ததும் அதை மேலே செருகி, மற்ற அட்டைகளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியை நீட்டினேன். நீ எடுத்தாய்.

தங்கச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு அலறி அழுதாள். பாஸ்டர் வந்து அட்டையை வாங்கி மைக்கில் வாசித்தார். சபையே எழுந்து நின்று கை தட்டியது. நான் பெட்டியோடு தூணோரம் நின்று, நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஜெபக் குழுப் பெண்கள் தினமும் உன் வீட்டுக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து சுகத்துக்காக ஜெபிக்கும் ஊழியர் ஒருவரையும் கூட்டிவந்தார்கள். கையில் வாக்குத்தத்தத்தை வைத்துக்கொண்டு உடம்பில் ஊசி ஏற்றுவது ஆண்டவரைச் சந்தேகப்படுவது ஆகாதா என்று அவர் தங்கச்சியிடம் கேட்டாராம். அவள் உன் காலைப் பிடித்து அழுதாள். அவளுக்காக நீ இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை.

நீ போகவில்லை என்று எனக்குத் தெரியும். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தெரிந்த அன்றே ஓடிவந்து, அட்டையை வைத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு நப்பாசை, ஒருவேளை பலித்துவிட்டால் என்று. உன் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பேச்சு நின்றபோது தங்கச்சிதான் யாரையும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அரை நாள் பிந்தியிருந்தால் உன்னைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மறுவாரம் டயாலிசிஸ் வார்டில் உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நீ கண்ணை மூடியபடியே ஆரம்பித்தாய்.

"மாப்ள, அன்னைக்கு உன் கட்டைவிரல் நடுங்குச்சு."

நான் கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

"கிரேன் ஓட்டுறவன்கிட்ட கை நடுக்கத்த மறைக்க முடியுமா? எடுக்கும்போதே தெரியும். ஆண்டவர் கொடுத்தா இப்படியா அமுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கொடுப்பாரு?"

"ஏன் அப்பவே கேக்கல?"

"நீ அழுதுக்கிட்டிருந்த. சரி, இம்புட்டு ஆசையா செஞ்சிருக்கான், விடுன்னு விட்டுட்டேன். ஆனா அவகிட்ட நீ சொல்லிரு. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பா. வச்சவன் சொன்னாத்தான் நம்புவா."

சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். நீ ஒருமுறைகூட மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் மாப்ள, அதில் எனக்கு உன்மேல் இன்னும் கோபம் உண்டு. ஏழு மாதம் இருந்தாய். ஆகஸ்டில் போய்விட்டாய்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. வாக்கு கையில் இருந்தது, விசுவாசம்தான் பத்தவில்லை என்று. பிரசங்கத்திலும் பெயர் சொல்லாமல் அது வந்தது. தங்கச்சி சபைக்கு வருவதை நிறுத்தினாள். என் வீட்டுக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அவ சோறு தண்ணி இல்லாம கிடக்கா. நான்தான் ஆண்டவர நம்பாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன், நான்தான் வாக்க முறிச்சேன், எம் புருஷன நான்தான் கொன்னேங்குறா."

அன்றைக்கு ராத்திரி பைபிளை எடுத்துத் திறந்தேன். பத்துக் கட்டளைகளில் ஒன்று, ஆண்டவர் பெயரை வீணாக எடுக்காதே என்கிறது. கெட்ட வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அந்தக் கட்டளை நமக்கில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு கெட்ட வார்த்தையும் பேசாமல், புத்தாண்டுக் காலையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் அதை மீறியிருக்கிறேன். என் விருப்பத்தை எழுதி அவர் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

மறுநாளே உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்த அட்டை, எப்படிச் செருகினேன், எந்த விரலால் அமுக்கினேன், எல்லாம். அவள் முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. உங்கிட்டச் சொல்லச் சொன்னான். நான்தான் சொல்லல."

"இம்புட்டு நாளா வாய மூடிக்கிட்டு எங்கூட வந்து உக்காந்து டீ குடிச்சுட்டுப் போயிருக்கீங்களேண்ணே." குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? என்னையப் பேசுன வாய் அம்புட்டும் அங்கதான இருக்கு? அங்க வந்து சொல்லுங்க. நான் வந்து உக்காந்திருக்கேன்."

வந்தாள் மாப்ள. நீ இறந்த பிறகு முதன்முறையாக, கடைசிப் பெஞ்சில் இல்லை, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்தேன். சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது என்று சொல்வதற்கான மைக்கில், நான் செய்ததைச் சொன்னேன். பாதியிலேயே செயலாளர் மைக்கைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பாஸ்டர் எழுந்து வந்து தோளில் கை வைத்து, நயமாகத்தான் சொன்னார்: "பிரதர், வருத்தப்படாதீங்க. ஆண்டவர் உங்க கையையே பயன்படுத்தியிருக்கலாமே?"

"இல்ல பாஸ்டர். அந்தக் கை என்னோடது. அத ஆண்டவர் தலையில கட்டாதீங்க" என்றேன். "அவரு சொல்லாததச் சொன்னதா நான் சொன்னேன். அத நம்பி நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. இப்ப அவரு வாக்குத் தவறிட்டாருன்னு சொல்ல முடியாம, இந்தப் பொண்ணு மேல பழியப் போடுறீங்க. வாக்கே கொடுக்கலையேய்யா."

அந்த வாரமே, பேருக்கு நானும் உறுப்பினராக இருந்த சபைக் கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அட்டை வேலையும் போனது. சபையைவிட்டுப் போகும்படி சிலர் ஜாடையாகச் சொன்னார்கள். போக மாட்டேன். உன் கடைசிப் பெஞ்சில் ஞாயிறுதோறும் போய் உட்காருகிறேன், எழுப்பட்டும் பார்க்கலாம்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஜெபக் குழுவில் ஒருவர் தங்கச்சியிடம் மெதுவாக ஆரம்பித்தார்: "அட்டை எப்படி வந்தா என்னம்மா, நீ விசுவாசத்துல உறுதியா நின்னிருந்தா..."

தங்கச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, மூச்சு நின்னுக்கிட்டிருந்த மனுஷன ஆட்டோவுல ஏத்திக் கொண்டுபோனது நான். அதுக்கப்புறம் ஏழு மாசம் அவரு எம் பக்கத்துல இருந்தாரு. எங்கூடச் சிரிச்சாரு, சண்டை போட்டாரு. அந்த ஏழு மாசத்தக் கொண்டுவந்தது நான். அதுல ஒரு நாளக்கூட யாரும் குறை சொல்லக் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள நான் இன்னும் மன்னிக்கலண்ணே. அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் ஜெபம் செய்வதை விடவில்லை மாப்ள. இன்னும் பிடிவாதமாகவே செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆமென் சொல்வதற்கு முன் நிறுத்தி, இது அவர் சொன்னதா, நான் ஆசைப்பட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆசைப்பட்டது என்றால் ஆசைப்பட்டேன் என்றே அவரிடம் சொல்கிறேன். நீ சாகக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். அதற்கு வசனம் எதற்கு, அட்டை எதற்கு? உன் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை விட்டுட்டுப் போயிராத மாப்ள என்று என் வாயாலேயே சொல்லியிருக்கலாம்.