என் கையெழுத்தில் முப்பத்தொன்பது பேர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். ஹெப்பாள் கம்பெனி கேன்டீனில் இன்று நறுக்கியது பூசணி, பீன்ஸ், மூன்று மூட்டை வெங்காயம். கண் இன்னும் எரிகிறது.

திரும்பி வரும்போது தெருமுனையில் பேனர் மாற்றியிருந்தார்கள். சென்னப்பா ஐயாவின் படம் போய்விட்டது. பதினேழு வருஷமாக எங்கள் வார்டுக் கட்சித் தலைவர் அவர்தான். இப்போது அந்த இடத்தில் பிரசாந்த் கும்பிட்டபடி நிற்கிறான். தீபாவளி வரைக்கும் எதிர்க்கட்சியில் வார்டுத் தலைவன். போன தேர்தலில் பூத் வாசலில் கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்த என் நாற்காலியை எட்டி உதைத்த அதே ஆள். அதே சிரிப்பு, தோளில் துண்டு மட்டும் வேறு நிறம்.

பக்கத்து வீட்டுக் கமலா கட்டட வேலை முடிந்து சட்டியும் கையுமாக வந்தாள். நின்று பார்த்தாள்.

"ஏனக்கா, இவன் அவனாச்சே?"

"அவனேதான்."

"அப்ப நாம யாருக்குப் போடறது?"

மழை வலுக்குது, துணியெடு போ என்றேன்.

வீட்டில் திவ்யாவுக்கு ஒரே சிரிப்பு. மகளுக்கு இருபது வயசு, இன்னும் ஓட்டே போட்டதில்லை. "அம்மா, நான் நோட்டாதான். பேடம்மா இந்தத் தலைநோவு." வேண்டாம் என்பதற்குப் பேடா, பாதி கன்னடம், பாதி தமிழ். அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதனால்தான்.

செய்ய: கேஸ் புக் பண்ண. இவர் யூனிஃபார்ம் பட்டன். பூத் லிஸ்டைத் தேடி வைக்க, கேட்பார்கள்.

நவம்பர் 5, புதன்

நல்ல வெயில். ஷிஃப்ட் முடிந்து நேராகக் கட்சி ஆபீஸ்.

சுவரில் சென்னப்பா ஐயா படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருக்கிறது. பிரசாந்த் எழுந்து நின்று கும்பிட்டான். "அக்கா, பழசெல்லாம் மறந்துடுங்க. இனி ஒரே குடும்பம்." நானும் பல்லைக் காட்டினேன். வெட்கங்கெட்ட ஜென்மம், நான்தான்.

அவன் கையாள் மகேஷ். எப்போதும் காதில் போன். பூத் லிஸ்ட் கேட்டான். வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ, லிஸ்ட் பையில்தான் இருந்தது. அதில் ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் என் பென்சில் குறி உண்டு. நம் ஆள் என்றால் டிக். எதிர்க்கட்சி என்றால் பெருக்கல். ஊசலாட்டம் என்றால் வட்டம். பதினேழு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் போட்ட குறிகள்.

பிறகு வழக்கம்போல ஒரு கட்டு படிவம். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் பூத் ஏஜென்ட் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வார்கள். சென்னப்பா ஐயா காலத்திலிருந்தே அப்படித்தான். புதுப் பையன்கள் பேர் சேர்க்க என்றான் மகேஷ். மேல்பாதியை மடித்துக் கிளிப் போட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் வரிசையாகக் காட்டினான். போட்டேன். போட்டுக்கொண்டே போனேன். எண்ணக்கூட இல்லை. ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

திவ்யா பேரையும் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

மூட்டம். குளிர். வாரச் சந்தை: அவரைக்காய், முள்ளங்கி, கொத்தமல்லி சீந்துவாரில்லை.

வாட்ஸப்பில் கட்சிக் குழு மூன்று நாளாகச் செத்துக் கிடக்கிறது. புதுக் குழு ஆரம்பித்துவிட்டார்களாம். கேன்டீன் சுசீலா சொன்னாள், அவளுக்குக்கூட வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை.

சென்னப்பா ஐயாவுக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் தெருவுக்குள் வந்து மெதுவாகப் போனது. இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வீட்டு நம்பர்களைப் போட்டோ எடுத்தார்கள். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, குடகில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டார்கள். பூட்டிய வீட்டையெல்லாம் இரண்டு முறை எடுத்தார்கள். "யாருங்க?" என்று கேட்டபடி நான் வாசலுக்கு வருவதற்குள் கிளம்பிவிட்டது.

இவரிடம் சொன்னேன். "கூரியர்க்காரனா இருப்பான். சும்மா இரு" என்றார். நாள் முழுக்கக் கம்பெனி பஸ் ஓட்டிய களைப்பு.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. எதுவும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

சாந்தா மிஸ் வந்திருந்தார். அங்கன்வாடி டீச்சர், எங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியலுக்கும் அவர்தான் பொறுப்பு. திவ்யாவைக் குழந்தையிலிருந்து தெரியும். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார்.

"மல்லிகா, இது உன் கையெழுத்தா?"

என்னுடையதுதான். ஆனால் பேர் சேர்க்கிற படிவம் இல்லை. பேர் நீக்குகிற படிவம். முப்பத்தொன்பது. எல்லாம் எங்கள் தெரு. காரணம் என்கிற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே கட்டத்தில் டிக்: இறந்துவிட்டார்.

"ஒரே தெருவில முப்பத்தொம்பது சாவா? கொரோனாவில்கூட இல்லையே" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கன்னடத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். கமலா. கமலா வீட்டுக்காரர். பால்காரர் நஞ்சுண்டன். மூலை வீட்டு ஆறு பேர், ஆறு பேரும் குடகில். கடைசிப் படிவம் வந்தது. மல்லிகா, கணவர் பேர் செல்வம், என் வீட்டு நம்பர். இறந்துவிட்டார். கீழே, மேற்கண்டது உண்மை என்று என் கையெழுத்து.

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் கட்டை முதலிலிருந்து திரும்ப எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதி விசாரணை. வந்து நிற்காதவர் பேர் போய்விடும். நீங்களே நேரில் பார்த்து எழுதக்கூடாதா மிஸ் என்று கேட்டேன். "வீடு பூட்டியிருக்குன்னு எழுதுன்னு மேலேருந்து போன் மேல போன். எனக்கு ரிட்டயர்டாக ரெண்டு வருஷம் இருக்கு, மல்லிகா." பார்வை முழுக்கக் கதவு மேல். நான் வந்ததாக யாரிடமும் சொல்லாதே என்றார்.

நவம்பர் 13, வியாழன்

தலைவலி என்று லீவு.

பூத் லிஸ்டை எடுத்து அந்த முப்பத்தொன்பது பேரையும் பார்த்தேன். எல்லாம் டிக். ஒரு பெருக்கல், ஒரு வட்டம் கிடையாது. எங்கள் கட்சிக்கு விடாமல் போட்டவர்கள்.

ஒரு மணிநேரம் புரியவேயில்லை. எங்கள் தலைவன் எங்கள் ஓட்டையே ஏன் வெட்ட வேண்டும்? பாத்திரம் துலக்கும்போதுதான் உறைத்தது. என்னிடம் லிஸ்ட் இருப்பதுபோல அவனிடமும் ஒன்று இருக்குமல்லவா, அந்தக் கட்சியில் இருந்தபோது போட்டது? அதில் நாங்கள்தான் பெருக்கல். மகேஷ் அந்தப் பழைய லிஸ்டை வைத்து நிரப்பியிருக்கிறான். கட்சி மாறினார்கள், குறியை மாற்றவில்லை. இல்லை, மாற்ற வேண்டாமென்று நினைத்தார்களோ? நாங்கள் சென்னப்பா ஐயா ஆட்கள். நாளைக்குக் கேள்வி கேட்போம் என்றோ?

எது என்று தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

மகேஷிடமே போய்க் கேட்டேன். அரை மணி நிற்க வைத்தான்.

"எந்த ஃபாரம்க்கா? நீங்க போட்ட கையெழுத்து, நீங்க கொடுத்த ஃபாரம். எங்களுக்கென்ன தெரியும்?"

"நான் செத்துட்டேன்னு நானே எழுதிக் குடுப்பனாடா?"

குரலைத் தாழ்த்தினான். "அது பசங்க செஞ்ச தப்பு. உங்க பேரை எடுத்துடறோம். மத்தது இருக்கட்டும். ஊர்ல இல்லாதவங்கதானே? விசாரணையில, அக்கம்பக்கத்தில சொன்னாங்க, எழுதினேன்னு சொல்லிடுங்க. வார்டு மகளிர் தலைவி நீங்கதான், பிரசாந்த் அண்ணா முடிவு பண்ணிட்டார்."

"இல்லேன்னா?"

படிவத்தின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தைப் போனில் காட்டினான். பொய்த் தகவல் கொடுத்தால் ஜெயில். "கையெழுத்துப் போட்டவங்களுக்குத்தான்க்கா. நிரப்பினவங்களுக்கு இல்ல."

டீ வாங்கித் தந்தான். குடித்தேன். ஏன் குடித்தேன்?

நவம்பர் 15, சனி

காலையில் பனி. ஒன்பது மணிக்குத் தபால்காரர். தெரு முழுக்க நோட்டீஸ். ஆட்சேபம் செய்தவர் என்கிற இடத்தில் என் பேர், என் விலாசம்.

வீடு வீடாகப் போனேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று கும்பிட்டுக் கேட்க. கேட்டதை எழுதிவைக்கிறேன்:

"போனாப் போகுது விடுங்க. இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சோம்?"

"ஒருநாள் கூலி நீ தருவியா?"

"யாருக்குப் போட்டாலும் அவன் போய் இன்னொருத்தன்கிட்ட உக்காந்துக்கறான். நாம எதுக்கு வெயில்ல நிக்கோணும்?"

"உசுரோட இருக்கறவங்களச் சாகடிச்சிட்டு, வா வான்னு கூப்பிடறியே. நல்லா இருப்பியா நீ?" இது நஞ்சுண்டன் சம்சாரம். கதவை முகத்தில் சாத்தினாள்.

கமலா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். நோட்டீஸை நீட்டி, "இது உன் கையெழுத்துதானக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்காகப் பதினேழு வருஷம் வரிசையில் நின்றவள். நான் சொன்ன பட்டனை அழுத்தினவள். உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சென்னப்பா ஐயா வீட்டுக்கே போனேன், இரண்டு பஸ் மாறி. ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். குழாயை மூடவில்லை, தண்ணீர் வழிந்து என் செருப்பெல்லாம் ஈரம்.

"ஏதோ ஒரு வாரியத்தில் என்னைப் போடறதாப் பேச்சு நடக்குது, மல்லிகா. இப்பப் போய் நான் வாயத் திறக்கக் கூடாது. நீயும் பேசாம இரு."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். வாசலில், அன்றைக்கு எங்கள் தெருவைப் போட்டோ எடுத்த அந்த வெள்ளைக் கார்.

இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கம்பெனி போக்குவரத்து மேனேஜரிடம் யாரோ, உங்க டிரைவர் சம்சாரம் மேல கேஸ் வருதாமே என்று விசாரித்தார்களாம். "உங்க கட்சிச் சகவாசம் நம்ம சோத்துல வந்து நிக்குது பாரு" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

நாளைக்கு: ஆதார். ரேஷன் கார்டு. வாக்காளர் அட்டை. பூத் லிஸ்ட். மாத்திரை. டைரி.

திவ்யா தானாகவே உட்கார்ந்து, குடகில் இருக்கும் எல்லோருக்கும் போன் போட்டாள். வீடியோவில் ஒவ்வொருவரும் பழக்கூடையோடு நின்று பேர் சொல்கிறார்கள். விசாரணையில் அது செல்லாது என்று சாந்தா மிஸ் சொல்லிவிட்டார். இருந்தும் எடுத்தாள். இதையெல்லாம் கேலி பண்ணின பெண்.

மகேஷிடமிருந்து நான்கு முறை போன். எடுக்கவில்லை. ஐந்தாவது, மெசேஜ்: காலை கார் அனுப்புகிறோம், வாசலில் நில்லுங்கள்.

நவம்பர் 21, வெள்ளி

கார் வருவதற்கு முன்பே டவுன் பஸ்ஸில் வந்துவிட்டேன். இது தாலுகா ஆபீஸ், மாடி வராந்தா பெஞ்சு. மத்தியானம் ஒன்றரை. மறப்பதற்குள் எழுதுகிறேன். பேச்செல்லாம் கன்னடத்தில்.

முப்பத்தொன்பதில் வந்தது பத்துப் பேர், என்னையும் சேர்த்து. கமலா வந்திருந்தாள், தனியாக நின்றாள். கடைசி பெஞ்சில் மகேஷ்.

அதிகாரி சின்ன வயசு. மூக்குக் கண்ணாடி, ஜலதோஷம். பேர் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் அட்டையைக் காட்டினார்கள், பேர் நின்றது. வராதவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "இறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கடைசியில் சேர்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். மகேஷ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், சபாஷ் என்பதுபோல. என் பேரை எடுத்துவிடுவதாகச் சொன்னவன் எடுக்கவில்லை.

குமாஸ்தா வாசித்தார்: "முப்பத்தொன்பது. மல்லிகா. இறந்துவிட்டார். ஆட்சேபம் செய்தவர், மல்லிகா." நிறுத்தித் திரும்ப வாசித்தார். அறையில் சிரிப்பு.

எழுந்தேன்.

"நான்தான் சார் அது. இந்த லிஸ்ட்ல இருக்கற எல்லாரும் என்னை மாதிரியேதான் செத்திருக்காங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

"கையெழுத்து?"

"என்னுது."

"படிச்சுப் பார்த்துப் போட்டீங்களா?"

"இல்ல சார். வெத்து ஃபாரம். கட்சி ஆபீஸ்ல போட்டது." யார் நீட்டினார்கள் என்பதையும் பேர் சொல்லிச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மகேஷ் காதில் போனோடு வெளியே போய்க்கொண்டிருந்தான்.

"கீழே என்ன அச்சடிச்சிருக்கு தெரியுமா?"

"இப்பத் தெரியும் சார்."

அதிகாரி ரொம்ப நேரம் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு முப்பத்தொன்பதின் மேலும் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்து, நிராகரிப்பு என்று எழுதினார். ஒரு பேரும் போகவில்லை. ஒன்றுகூட. எல்லோரையும் போகச் சொன்னார். என்னை மட்டும் வெளியே உட்காரச் சொன்னார்.

கமலா போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், இங்கிருந்து அவள் முதுகு தெரிகிறது. இவருக்குப் போன் போட்டேன், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்கவில்லை. கீழே ஜீப் ஒன்று வந்து நின்றது. பெண் போலீஸ் ஒருத்தி இறங்கி, குமாஸ்தாவிடம் என் பேரைக் கேட்கிறாள். அவர் மேலே கை காட்டுகி—