சாம்பல் பட்டைக்கு உரிய சொற்கள்

சனிக்கோள் சுற்றுப்பாதை, மிதவைப் பள்ளி
நாள் 212, காலை 07:10

கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் நித்திலா, ஒன்பதாம் வகுப்பு. காற்று, வெப்பம் சீர். இது என் சமூகவியல் செயல்திட்டம்.

மரகதம் டீச்சர் டைட்டன் நிலவிலிருந்து பாடம் நடத்துகிறார். நாங்கள் விடைகளைத் தட்டச்சு செய்து அனுப்புவோம். எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. மணிக்கட்டுப் பட்டைதான் தெரியும். நீலத்துக்கு முன்வரிசை, கடினப் பாடம். சாம்பலுக்குப் பின்வரிசை, எளிய பாடம். குளியல் நாளில் மட்டுமே பட்டை கழலும்.

பள்ளி அவரவரைத் திறமைக்கேற்ற இடத்தில் அமர்த்துகிறது என்கிறது நூலகப் புத்தகத்தின் முதல் கோட்பாடு. வசதியுள்ளவர் பிள்ளைகளை மேலேயே வைக்கும் ஏற்பாடு அது என்கிறது இரண்டாவது. நாம் ஒட்டும் பெயர்தான் பிள்ளையை ஆக்குகிறது என்பது மூன்றாவது. இதைச் சோதிக்கலாம்!

நாள் 214, மாலை 17:30

குளியலறையில் தோழி அஞ்சுகத்துடன் பட்டை மாற்றிக்கொண்டேன். அவள் அப்பா கழிவுநீர்க் குழாய் பார்ப்பவர், அவளுடையது சாம்பல், என்னுடையது நீலம்.

"மாட்டுனா என்னைத்தான்டி வெளுப்பாங்க. உங்கம்மா டாக்டரு."

அடுத்த குளியல் நாளில் திருப்பிக்கொள்வோம்.

நாள் 217, மதியம் 13:05

அருமையான முடிவு. அஞ்சுகம் தவறாக அனுப்பிய விடைக்கு டீச்சர், "கிட்ட வந்துட்ட நித்திலா, இன்னும் கொஞ்சம் யோசிம்மா" என்றார். யோசித்தாள்; சரியாக அனுப்பினாள். என் சரியான விடைக்கு, "யாரைப் பாத்து எழுதுன, அஞ்சுகம்?"

சிறு கோளாறு: இந்தப் பதிவுக் கருவியும் பட்டையைத் தொட்டுத்தான் திறக்கிறது. சில சொற்களை அழித்துவிடுகிறது. 'சாம்பல் நிலைக்கு உரியதன்று' என்கிறது.

நாள் 219, காலை 09:40

ஆண்டு முடிவில் வரவேண்டிய மேல்நிலைப் பள்ளிக் கப்பல் முன்னதாகவே வந்துவிட்டது. நீலப் பட்டையினர் அனைவரும் அதில் செல்ல வேண்டும். என் அம்மா அந்தப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறார். பயணம் இரண்டு ஆண்டு. கப்பலுக்கு நீர் நிரப்புவதால் இந்த வாரம் குளியல் கிடையாது.

டீச்சரிடம் எல்லாவற்றையும் எழுதினேன்.

பதில்: "அஞ்சுகம், பொறாமை நல்லதில்லம்மா."

அம்மாவுக்கு எழுதினேன். கருவி அனுப்பவில்லை. 'உன் அம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார்' என்கிறது; அது அஞ்சுகத்தின் அம்மா. நான்தான் நித்திலா என்று பின்வரிசை முழுவதும் சாட்சி சொன்னது. அஞ்சுகத்தின் அப்பா கப்பல் கதவைத் தட்டித் தட்டிக் கெஞ்சினார். அவர் பட்டையும் சாம்பல்.

நாள் 220, காலை 06:15

கப்பலிலிருந்து அஞ்சுகத்தின் குரல் வந்தது:

"நித்தி, நான் நீ இல்லன்னு சொன்னேன்டி. வீட்டை விட்டுப் போற பயம், சரியாயிடும்னு தட்டிக்குடுத்தாங்க. ரெண்டாவது தடவ பேரு கேட்டப்ப... நான் சத்தமா சொல்லலடி. அப்பாவப் பாத்துக்க."

அவள்மேல் கோபமில்லை. மூன்று கோட்பாடுகளும் — சொல் நீக்கப்பட்டது — யாரிடம் சமர்ப்பி — சொல் நீக்கப்பட்டது.

நாள் 260, காலை

இது பள்ளி. பள்ளி பெரியது.
கப்பல் போனது.
என் பெயர் நித் — பிழை திருத்தப்பட்டது — அஞ்சுகம்.
எனக்கு அம்மா வேண்டும். அம்மா கீழே இருக்கிறார். இல்லை. அம்மா — சொல் நீக்கப்பட்டது.
நான் மெல்லப் படிப்பேன்.
இதை டீச்சருக்கு அனுப்பினேன்.

டீச்சர்: "பிழையே இல்லாம எழுதிட்டியே, அஞ்சுகம். உன் அளவுக்கு ரொம்ப நல்லா இருக்கு."