கோமதி கேட்டது

அக்கா,

இன்று காலை டவுனில் நாட்டு மருந்துக் கடையில் சுக்கு வாங்க நின்றேன். கடைக்காரர் வசம்பு மூட்டையைப் பிரித்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், சுக்கை மறந்து வீடு வந்து சேர்ந்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இதை எந்த விலாசத்துக்கு அனுப்பப் போகிறாய் என்று மட்டும் கேட்காதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உன் மகள் கோமதிக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று அத்தானின் சித்தி வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி அவள் நாக்கில் தடவினாளே, நினைவிருக்கிறதா? நீ கையைப் பிடித்துக்கொண்டாய், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். "பேச்சு வரும், பேச்சு வரும்" என்று சித்தி தடவத் தடவப் பிள்ளை துடித்தது. மறுநாள் கோமதி வாயைத் திறந்தாள். சித்தியின் அதே கரகரத்த குரலில் "பேச்சு வரும், பேச்சு வரும்" என்றாள். தெருவுக்கே சர்க்கரை கொடுத்தோம். சித்தி ஒரே நாளில் பெரிய வைத்தியச்சி ஆகிவிட்டாள்.

விஷயம் உனக்குத்தான் முதலில் பிடிபட்டது. பாகற்காயை இலையில் வைத்தால் "பேச்சு வரும்". சிக்கெடுக்கச் சீப்பை எடுத்தால் "பேச்சு வரும்". "ஏலே, அவ என்ன சொல்லுதான்னு கேக்காத, எப்பச் சொல்லுதான்னு பாரு. பிடிக்கலைன்னு சொல்லுதாலே!" என்றாய். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். தொண்ணூறுகளில் அந்தச் சொல்லை நமக்குத் தெரிந்த யாருமே கேள்விப்பட்டதில்லை. கேட்டதை அர்த்தமில்லாமல் திருப்பிச் சொல்வாள் என்றும் அவர் சொன்னார். "அர்த்தமில்லாமலாம்லா!" என்று வாசலுக்கு வந்து நீ முறைத்த முறைப்பில் எனக்கே பயமாக இருந்தது.

ஆழ்வார்திருநகரிக் கல்யாணத்தில் கோமதிக்கு ஏழு வயது. அத்தான் பம்பாயில் வேலையில் இருந்ததால் நாம் மூவரும் போனோம். உன்னைக் காய் நறுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள், என்னைப் பந்திக்கு இழுத்துவிட்டார்கள். கோமதி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முன்னால் போய் நின்றாள். வழுக்கைத் தலை, முறுக்கு மீசை. "தண்ணி வேணுமா, ராசாத்தி?" என்றாள், அப்படியே உன் குரலில். மண்டபம் சிரித்தது. "வேண்டாம் தாயி, இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்றார் அவர். அடுத்தவரிடம் போனாள், அடுத்தவரிடமும் போனாள். எல்லோரும் கன்னத்தைத் தட்டி, என்ன மரியாதையான பிள்ளை என்றார்கள். யாரும் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. கடைசியில் அவள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறினாள். நீ அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடிவந்து செம்பை நீட்டினாய். மடமடவென்று முழுச் செம்பையும் குடித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கண்டக்டர் குரலில் கருங்குளம், செய்துங்கநல்லூர், கிருஷ்ணாபுரம் என்று வரப்போகும் ஊர்களையெல்லாம் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்சீட்டுக்காரர் என்ன ஞாபகசக்தி என்று வியந்தார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "இத்தனை ஊரு சொல்லுதா, ஒரு வாய் தண்ணி கேக்கத் தெரியல. நான் இல்லாத அன்னைக்கு இவளுக்கு யாருல குடுப்பா?" என்றாய்.

அன்றிரவே நீ சட்டம் போட்டாய். இனி இந்த வீட்டில் யாரும் கோமதியிடம் கேள்வி கேட்கக் கூடாது. "நாம கேக்குததை அப்படியே முழுசா எடுத்து வச்சுக்கிடுதா. அப்போ அவ கேக்க வேண்டியதை நாமதான் அவ வாயா இருந்து சொல்லணும்." அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து "எனக்குத் தண்ணி வேணும்" என்பாய். சொல்லிவிட்டுத் தம்ளரை அவள் கையில் கொடுப்பாய். எனக்குத் தோசை வேணும், எனக்குப் போர்வை வேணும் என்று நாள் முழுக்க இதே பாட்டு. அடுத்த வீட்டு மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏ, இவளே வேணும்ங்கா, பிள்ளை கையில குடுக்கா! உங்க அக்காவுக்கு என்ன செய்யுது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். நீ உள்ளிருந்தே, "பைத்தியந்தான் மதினி. நீங்க போயி உலையப் பாருங்க" என்றாய்.

பின்னாளில் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சர், சில பிள்ளைகள் சொல் சொல்லாக அல்ல, முழு வாக்கியமாகத்தான் மொழியை எடுத்துக்கொள்வார்கள், பிறகுதான் உடைத்துச் சேர்ப்பார்கள் என்றார். "இதுக்கா இவ்வளவு படிச்சாங்க?" என்று என் காதில் சொன்னாய். உனக்கு வாய்க்கொழுப்பு எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான்.

ஜங்ஷன் சர்பத் கடையில் நடந்ததை எப்படி மறப்பேன்? கோமதி நம்மை விட்டு முன்னால் நடந்தாள். நான் பதறி ஓடப் போனேன். "பைய நில்லுல" என்று என் கையை இறுக்கிப் பிடித்தாய். அவள் கடைக்காரர் முன்னால் நின்று, "எனக்குத் தண்ணி வேணும்" என்றாள். அவருக்கு நம்மையும் தெரியாது, அவளையும் தெரியாது. "இந்தா தாயி" என்று நீட்டினார். "குடுத்துட்டாருலே! லே, குடுத்துட்டாரு!" என்று நடுத்தெருவில் நின்று அழுதாய். உன் நகம் பதிந்து என் கையில் ரத்தமே வந்துவிட்டது.

நீ போன பிறகு கோமதி எங்களோடுதான் இருக்கிறாள். முதல் வாரம் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் என் எதிரே வந்து நின்றாள்.

"எனக்கு அம்மா வேணும்."

கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதானே உன் சட்டம்? நான் எதை எடுத்துக் கொடுப்பேன்? "எனக்கும் அக்கா வேணும் தாயி" என்று சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் என் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கோமதி எங்கிட்ட வந்து என்ன சொன்னா தெரியுமா? 'மாமாவுக்கு அக்கா வேணும்'னு சொல்லுதாங்க."

அந்த வாக்கியத்தை இந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை, அக்கா. அவள் முதுகுக்குப் பின்னாலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தனக்கு வேண்டியதைக் கேட்கத்தான் நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன் மகள் எனக்காகக் கேட்டாள்.