தலையணை உறையில் இரண்டு ஓட்டை

23 ஒக்ரோபர் 2008, வியாழன்

பக்கத்து வீட்டு ஜெசிந்தா வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள். மலேசியாக்காரி, வாய் ஓயாது. "கல்யாணி, இந்த வருசம் நம்ம ரோட்டுல ஹலோவீன் செய்யுறோம்லா. பிள்ளைங்க வேசம் போட்டு வீடு வீடா வரும். மிட்டாய் மட்டும் வாங்கி வை."

ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் பூசைக்குப் போகிற மனுசி, பேய்த் திருவிழாவுக்குத் தலைவி. அதையும் கேட்டுவிட்டேன். "அது சும்மா விளையாட்டுலா" என்று சிரித்தாள்.

என்னுடைய மகள் தர்சிகாவைப் பிடிக்க முடியவில்லை, அந்தத் துள்ளல். அவளும் ஜெசிந்தாவின் மகள் கிரேசும் ஒரே வகுப்பு, சாப்பாடு ஒரு வீட்டில், நித்திரை மற்ற வீட்டில். சரி, வரட்டும். சூரன்போரில் தலை தலையாக வெட்டி விழுத்துவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடையில் விற்கிற பேய்க்கோ பயப்படப் போறன்?

29 ஒக்ரோபர், புதன்

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. பகலில் தண்ணீர் மட்டும். நான் வேலை செய்கிற சைல்ட்கெயாரில் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வெட்டும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. முருகா.

வீட்டுக்கு வந்தால் இவர் ரீவிக்கு முன்னால். வன்னியில் செல் குண்டு விழுந்த இடத்தைக் காட்டினார்கள். நிப்பாட்டுங்கோ என்றேன். "பார்க்காட்டில் நடக்காமல் போயிடுமோ?" என்றார். ரிமோட்டைப் பறித்துச் சுவரில் எறிந்தேன். பற்றரி உருண்டு சோபாவுக்குக் கீழே போனது. பசியில் வந்த கோபம் என்று இவரே சொல்லிக்கொண்டார். இருக்கட்டும்.

30 ஒக்ரோபர், வியாழன்

சொக்லேற் வாங்கியாச்சு. தர்சிகாவுக்குப் பூனை வேசம்.

1 நவம்பர், சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுறன்.

நேற்றுப் பின்னேரம் நல்ல வெயில். இருட்டில தெரியேல்லை எண்டு சாட்டுச் சொல்ல வழியில்லை. முதல் வந்த சூனியக்காரியளையும் எலும்புக்கூடுகளையும் பார்த்து நல்லாச் சிரிச்சன். எவர்சில்வர் சட்டியில சொக்லேற்றை நிரப்பிக்கொண்டு வாசலிலயே நிண்டன்.

பிறகு தர்சிகா வந்தாள், பூனை. அவளுக்குப் பக்கத்தில ஒரு ஆள். தலையில வெள்ளைத் தலையணை உறை. ரெண்டு ஓட்டை.

"என்ன பேயார், சொக்லேற் வேணுமோ?" எண்டு கேட்டன். ஓட்டைக்குள்ளால என்னையே பார்த்தது. பிறகு தலையை ஆட்டினது. மெதுவா. ஒருக்கா.

சட்டி கையில இருந்தது. சொக்லேற்றெல்லாம் பறக்குது. விளிம்பால அந்தத் தலையில அடிச்சன். திரும்பவும் அடிச்சன். உறையைக் கழுத்தோட திருகிப் பிடிச்சுக் கதவு நிலையில மோதினன். "ஆரடா நீ? பேரைச் சொல்லு. பேரைச் சொல்லு" எண்டு ரோட்டு முழுக்கக் கேட்கக் கத்தினனாம். தர்சிகா என்ர கையைக் கடிச்சாள். அதுக்குப் பிறகுதான் விட்டன். உறை சிவந்து முகத்தில ஒட்டிப்போச்சு. ஜெசிந்தா ஓடிவந்து அதை உரிச்செடுத்தாள்.

கிரேஸ். நெற்றி பிளந்து உள்ளுக்கு வெள்ளையாத் தெரிஞ்சது. முன்பல் படியில கிடந்தது.

ஜெசிந்தா எனக்கு அறைஞ்சாள். நான் முகத்தைத் திருப்பேல்லை. அடிச்சே கொண்டிருந்தாலும் நிண்டிருப்பன்.

2 நவம்பர், ஞாயிறு

கிரேசின் கண்ணுக்கு ஒன்றுமில்லையாம். நெற்றியில் தையல். வடு போகாதாம். புதன்கிழமை பொலிஸ் என்னிடம் வாக்குமூலம் எடுக்கும்.

"கள்ளன் எண்டு நினைச்சுப் பயந்து அடிச்சனான் எண்டு சொல்லு" என்கிறார் இவர். "வேலை போகும், கேஸ் வரும். எங்கட பிள்ளையை யோசி."

கள்ளனோ? பெல் அடிச்சு, பூனையையும் கூட்டிக்கொண்டு வாற கள்ளனோ? ஆனால் சொன்னால் நம்புவார்கள். பயந்த பொம்பிளை என்று விட்டுவிடுவார்கள்.

காலையில் தர்சிகாவுக்குத் தலை இழுக்கக் கையைத் தூக்கினேன். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். சீப்பை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

4 நவம்பர், செவ்வாய்

சூரன்போருக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். அவளுடைய மனுசன் அருமைநாதன் வலைக்கதவைத் திறக்கவில்லை. "அப்படியே நின்னு சொல்லுங்க" என்றார். ஜெசிந்தா அவருக்குப் பின்னால் நின்றாள்.

சொன்னன். எங்கட ஊருக்கு ஆமி தலையாட்டியைக் கொண்டுவரும். தலையில சாக்கு, பார்க்க ரெண்டு ஓட்டை. சனத்தை ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால நடக்க விடுவாங்கள். சாக்கு ஆடினால் அந்த ஆள் முடிஞ்சுது. என்ர தம்பி கேதீசுக்கு ஆடினது. ஏ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்த பெடியன். துவக்குப் பிடியால அடிச்சுத் தாடையை உடைச்சுத்தான் ட்ரக்கில ஏத்தினவங்கள். அவன்ர பல்லை மண்ணில பொறுக்கினவள் நான். பிறகு ஆளே இல்லை. சாக்குக்குள்ள இருந்தது எங்கட ஊர்க்காரன். ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. ஒவ்வொருத்தன்ர முகத்தையும் பார்த்து, நீயோ, நீயோ எண்டு கேட்டுக்கேட்டுத்தான் அந்த ஊரை விட்டு வந்தனான்.

"அவனுக்குக் குடுக்க வேண்டிய அடியை உன்ர பிள்ளைக்குக் குடுத்திட்டன்" எண்டன்.

ஜெசிந்தா அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "உன் தம்பிக்காக நான் ஜெபம் பண்ணுவேன் கல்யாணி. ஆனா என் பிள்ளை மூஞ்சியத் தெனமும் பாக்குறவ நான். இதுக்கு அது பதில்னு சொல்லிராத."

உள்கதவையும் சாத்தினாள்.

5 நவம்பர், புதன்

பொலிசிலும் அதையே சொன்னேன். கள்ளன் வரவில்லை என் கதைக்குள். திரும்பி வந்ததும் இவர் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

வாக்குமூலத்தில் என்ன சொன்னேன் என்று தர்சிகா கேட்டாள். சொன்னேன். அவளுக்கு ஒரு மாமா இருந்ததே இன்றைக்குத்தான் தெரியும். ஆங்கிலத்தில் கேட்டாள், அந்த மாமாவையும் நீங்கள் கிரேசை அடித்த மாதிரித்தான் அடித்தார்களா என்று.

ஓம் எண்டன்.

12 மார்ச் 2009, வியாழன்

கோட்டில் கேஸ் முடிந்தது. நன்னடத்தைப் பிணை, சிறையில்லை. சைல்ட்கெயார் வேலை போய்விட்டது, இனிப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேலை தரமாட்டார்கள். நானாக இருந்தாலும் தரமாட்டேன். திங்களிலிருந்து ஒஃபிஸ் கூட்டிக் கழுவுகிற வேலை.

19 மே, செவ்வாய்

வன்னியில் சண்டை முடிந்ததென்று நாள் முழுக்க ரீவி ஓடியது. நான் ரிமோட்டைத் தொடவில்லை.

31 ஒக்ரோபர், சனி

"லைற்றை நூத்துப்போட்டு உள்ளுக்கு இரு" என்று இவர் சொன்னார். ஜெசிந்தா ஒரு வருசமாக வேலிப்பக்கம் வரவில்லை. கிரேசும் தர்சிகாவும் பள்ளிக்கூடத்தில் கதைக்கிறார்கள், அதோடு சரி. இந்த வருசம் தர்சிகா வேசம் கட்டவில்லை. ஆனாலும் சொக்லேற் வாங்கி ஒரு பிளாஸ்ரிக் பேசினில் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சட்டியை எறிந்தாச்சு.

வெயில் தாழ முன்னமே கேற்றடியில் சத்தம். கதவைத் திறந்தேன். ரோட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெளியே நிற்கிறார்கள், ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. முன்னால் கிரேஸ். முகமூடி இல்லை, தலைமயிரை இழுத்துக் கட்டி, வடு பளிச்சென்று தெரிய நின்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா, கையைக் கட்டிக்கொண்டு.

கிரேஸ் திரும்பிப் பிள்ளைகளிடம் என்னவோ சொன்னாள். முகமூடியெல்லாம் கழன்றது. ஒரு குட்டிச் சிலந்திக்குக் கழற்ற வராமல் அவளே இழுத்துவிட்டாள்.

"அன்ரி, நான் கிரேஸ்" என்று சத்தமாகச் சொன்னாள்.

"ஒலிவர்." "ஹனா." "மின்." ஒவ்வொன்றாகப் பேர் வந்தது. அன்றைக்கு நான் பேரைச் சொல்லு என்று கத்தினதை இந்தப் பிள்ளைகள் ஒருவரும் மறக்கவில்லை. சிலந்தி தன்னுடைய பேரை இரண்டு தரம் சொன்னது, எனக்குக் கேட்கவில்லையோ என்று பயந்து.

ஜெசிந்தா என் கையையே பார்த்தாள். பேசினைப் படியில் வைத்தேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு சுவர் முட்டும்வரை பின்னுக்குப் போனேன். பிறகுதான் பிள்ளைகள் வந்து அள்ளினார்கள்.

கிரேஸ் கேற்றைத் தாண்டவில்லை. அவளுக்குரியதைத் தர்சிகா எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள்.